விருப்பப்பட்டுச் செய்யும் வேலை

சில வருஷங்களாகச் சனிக்கிழமைகளில் நான் மொழிபெயர்ப்பாளன். வார நாட்களில் சியாட்டில் பக்கம் ஒரு கம்பெனியில் டேட்டாபேஸ் மேய்க்கிறவன். சனிக்கிழமை காலையில் காபியும் கையுமாக உட்கார்ந்து, அடைக்கலம் கேட்டு வந்து தடுப்பு மையங்களில் இருக்கும் தமிழர்களுக்கும் அவர்களுக்காகக் காசு வாங்காமல் வாதாடும் வக்கீல்களுக்கும் நடுவே போனில் பேச்சை மாற்றிக் கொடுப்பேன். குடிவரவு வழக்குகளில் அரசாங்கம் வக்கீல் வைத்துத் தராது என்பதால், இப்படி யாராவது கிடைத்தால்தான் உண்டு. நான் பேசியவர்களில் ஏறக்குறைய எல்லாருமே இலங்கையிலிருந்து வந்தவர்கள். முதல் சில மாதங்கள் அவர்கள் பேச்சே எனக்குப் பாதிதான் பிடிபட்டது. மதுரைக்காரனுக்கு யாழ்ப்பாணத் தமிழ் என்பது தெரிந்த வீட்டில் இருட்டில் நடப்பது மாதிரி. வழி தெரியும், ஆனால் கால் எங்கேயாவது இடித்துக்கொள்ளும்.

அப்படி ஒரு சனிக்கிழமை நடந்ததைத்தான் எழுத வந்தேன். தெற்கு மாநிலம் ஒன்றில் இருக்கும் ஒரு மையம். பெயர் வேண்டாம். இருபத்தைந்து வயதுகூட ஆகாத ஒரு தம்பி. வக்கீலம்மா வழக்கு விவரங்களை முடித்துவிட்டு, வேறு ஏதாவது கேட்கணுமா என்றார். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, தன்னிடம் ஒரு தாள் தந்திருக்கிறார்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை என்றார். ஆங்கில எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டே வந்த வக்கீலம்மா, "ஓ, அது வாலண்டரி ஒர்க் புரோகிராம்" என்றார். மையத்துக்குள் சமையல், துணி துவைத்தல், கூட்டித் துடைத்தல் போன்ற வேலைகள். செய்தால் நாளுக்கு ஒரு டாலர்.

நான் 'தன்னார்வ வேலை' என்றேன். அவருக்குப் புரியவில்லை. "தொண்டு வேலையோ அண்ணை?" என்று கேட்டார். இல்லை, காசு தருவார்கள் என்றேன். "எவ்வளவு?" ஒரு டாலர். "ஒரு மணித்தியாலத்துக்கோ?" இல்லை, ஒரு நாளைக்கு. கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம் கேட்டார்: "மாட்டன் எண்டு சொன்னால் என்ர கேசுக்கு ஏதும் பிழை வருமோ?"

வக்கீலம்மாவிடம் கேட்டுச் சொன்னேன்: வராது, இது முழுக்க உங்கள் விருப்பம். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளன் சொந்தச் சரக்கு எதையும் சேர்க்கக் கூடாது என்பது முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். ஆனால் அன்று எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சும்மா படுத்துக் கிடப்பதற்கு இது பரவாயில்லை தம்பி, பொழுதாவது போகும்" என்றேன். "ஓம் அண்ணை" என்றார். வக்கீலம்மா நான் என்ன சேர்த்தேன் என்று கேட்கவில்லை. அழைப்பு முடிந்தது. காபி ஆறிப்போயிருந்தது, சூடு பண்ணிக் குடித்தேன்.

அந்த ஒரு வாக்கியம்தான் என்னை விடவில்லை. தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே என்று எனக்கு நானே பலமுறை வாதாடிப் பார்த்தேன். பொழுது போவது உண்மைதானே? ஒரு டாலர் என்றால் கேண்டீனில் ஒரு நூடுல்ஸ் பாக்கெட், வீட்டுக்குப் பேசச் சில நிமிடங்கள். எதுவும் இல்லாததற்கு இது மேல்தானே? இந்த 'மேல்தானே'யில் ஏதோ உறுத்தியது. என்னவென்று தெரிய எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. அதைச் சொல்லிக்கொடுத்தது, அந்தத் தம்பிக்குச் சம்பந்தமே இல்லாத, என் வீட்டுக்குப் பக்கத்தில் நடந்த ஒரு வழக்கு.

கண்ணாடி ஊரில் ஒரு கட்டடம்

டகோமா எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். விருந்தாளிகள் வந்தால் அழைத்துப் போகிற இடங்களில் ஒன்று அங்கே இருக்கும் கண்ணாடி அருங்காட்சியகம். அதன் பக்கத்தில் கால்வாய். கால்வாய்க்கு அந்தப் பக்கம் டைட்ஃப்ளாட்ஸ் என்கிற துறைமுகப் பகுதி. சரக்குப் பெட்டிகள், எண்ணெய்த் தொட்டிகள், ரயில் தண்டவாளங்கள். ஒரு காலத்தில் காகித ஆலை நாற்றத்துக்கு 'டகோமா வாசம்' என்றே கேலிப்பெயர் இருந்த ஊர். தொழிற்சாலைக் கழிவால் கெட்டுப்போய், மத்திய அரசு சுத்தம் செய்யவேண்டிய பட்டியலில் சேர்த்த மண். அந்தப் பகுதியில்தான் 2004இல் திறந்த குடிவரவுத் தடுப்பு மையம் இருக்கிறது. 1,575 பேர் கொள்ளும். அதன் பக்கமாக எத்தனையோ தடவை வந்து போயிருக்கிறேன், அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல்.

நடத்துவது ஜியோ குழுமம். நம் ஊர் சிம் கார்டு ஜியோ இல்லை, இது ஃப்ளோரிடாவில் தலைமையகம் வைத்து, அமெரிக்கா முழுக்கத் தனியார் சிறைகளும் தடுப்பு மையங்களும் நடத்துகிற, பங்குச்சந்தையில் இருக்கிற கம்பெனி. 1984இல் வேறு பெயரில் தொடங்கி, 2003இல் பெயர் மாற்றிக்கொண்டது. ஆளைப் பிடித்துக் கொடுப்பது 'ஐஸ்' என்று எல்லாரும் சொல்கிற குடிவரவு அமலாக்கத் துறை. அடைத்து வைத்துச் சோறு போடுவது கம்பெனி. அதற்கு அரசாங்கம் கம்பெனிக்குக் காசு தரும்.

உள்ளே இருப்பவர்கள் தண்டனைக் கைதிகள் இல்லை என்பதை இங்கே வாழும் நம் ஆட்களே பலர் நம்ப மாட்டார்கள். விசா முடிந்தவர், அடைக்கலம் கேட்டவர், நாடு கடத்தலை எதிர்த்து வழக்காடுகிறவர், இவர்கள் எல்லாரும் சட்டப்படி உரிமையியல் காவலில்தான் இருக்கிறார்கள். வழக்கு முடியும்வரை ஓடிப்போகாமல் பிடித்து வைத்திருப்பது, அவ்வளவுதான். சிலருக்கு அந்த 'முடியும்வரை' வருஷக் கணக்கு.

அந்த மையத்திலும் இதே வாலண்டரி ஒர்க் புரோகிராம் நடந்தது. சமையலறையில் காய் நறுக்கியவர்கள், துணி துவைத்தவர்கள், முடி வெட்டியவர்கள், குளியலறையைத் தேய்த்தவர்கள், ராத்திரியில் தரைக்கு மெழுகு போட்டவர்கள், சுவருக்கு வர்ணம் அடித்தவர்கள் எல்லாரும் உள்ளே அடைபட்டிருந்தவர்களே. நாளுக்கு ஒரு டாலர். சில சமயம் கூடுதல் வேலைக்குக் காசுக்குப் பதில் தின்பண்டம் கொடுத்தார்கள் என்பதும் மாநில அரசு தொடுத்த வழக்கில் இருந்த புகார்.

இந்த ஒரு டாலருக்குப் பின்னால் ஒரு சின்னக் கதை இருக்கிறது. காவலில் இருக்கும் வெளிநாட்டவர்களின் வேலைக்குப் படி கொடுக்கலாம் என்று 1950இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. தொகையைக் கடைசியாகக் குறித்தது 1979ஆம் நிதியாண்டுக்கு, நாளுக்கு ஒரு டாலருக்கு மிகாமல் என்று. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவே இல்லை. 1979இல் அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.90 டாலர். அதாவது அந்த ஒரு டாலர் அன்றைக்கு இருபது நிமிட வேலைக்கான கூலி. 2021இல், டகோமா இருக்கிற வாஷிங்டன் மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.69 டாலர். கணக்குப் போட்டேன். நாலரை நிமிடம்கூட வரவில்லை.

2014 மார்ச்சில் அங்கே நூற்றுக்கணக்கானவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். சாப்பாடு, மருத்துவம், பிணைத்தொகை என்று பல கோரிக்கைகள். அதில் கூலியும் ஒன்று. 2017 செப்டம்பரில் மாநில அட்டர்னி ஜெனரல் பாப் ஃபெர்கூசன் கம்பெனி மேல் வழக்குப் போட்டார். உள்ளே வேலை செய்தவர்கள் சார்பிலும் தனியாக ஒரு வழக்கு. இரண்டும் சேர்த்து நடந்தன. 2021 ஜூனில் முதல் விசாரணையில் ஜூரிகளுக்குள் ஒத்துவரவில்லை. அதே வருஷம் அக்டோபரில் இரண்டாம் விசாரணை. இந்தத் தடவை ஜூரிகள் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்: இவர்கள் தொழிலாளர்கள், குறைந்தபட்சக் கூலி கொடுத்திருக்க வேண்டும். 2014க்குப் பின் அங்கே வேலை செய்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குச் சேர்த்து 1 கோடியே 73 லட்சம் டாலர் பாக்கிக் கூலி. நீதிபதி ராபர்ட் பிரையன், கம்பெனி முறையில்லாமல் சேர்த்த லாபம் என்று இன்னும் 59 லட்சம் டாலரை மாநிலத்துக்குக் கொடுக்கச் சொன்னார்.

விசாரணையில் வெளிவந்த ஒரு கணக்கு எனக்கு மனப்பாடம். 2018இல் இந்த ஒரு மையத்தில் மட்டும் கம்பெனிக்குக் கிடைத்த லாபம் 1 கோடியே 86 லட்சம் டாலர். எல்லாருக்கும் குறைந்தபட்சக் கூலி கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் செலவு 34 லட்சம். லாபம் போய்விடாது. கொஞ்சம் இளைக்கும், அவ்வளவுதான்.

துடைப்பத்தைக் கீழே வைத்த பிறகு

இதுவரைக்கும் படித்தபோதுகூட என் 'மேல்தானே' அசையவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கம்பெனி பேராசைக்காரக் கம்பெனி, சரி. ஆனால் கூலி குறைவு என்பது ஒரு விஷயம், விருப்பம் இல்லை என்பது வேறு விஷயம். நான் அந்தத் தம்பியிடம் சொன்னது விருப்பத்தைப் பற்றித்தானே, கூலியைப் பற்றி இல்லையே. இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது புத்தி.

தீர்ப்புக்குப் பிறகு என்ன நடந்தது என்று படித்தபோதுதான் அது நின்றது. கம்பெனி கூலியை உயர்த்தவில்லை. திட்டத்தையே நிறுத்திவிட்டது. முதலில் எனக்குத் தோன்றியது, "பார், வழக்குப் போட்டு இருந்த ஒரு டாலரையும் கெடுத்தார்கள்" என்பதுதான். உள்ளே இருந்தவர்களுக்கு அது நிஜமான இழப்பு. போனுக்குக் காசு இல்லை. ஆனால் செய்தியில் அடுத்த பத்தி இருந்தது. இடம் நாறத் தொடங்கியது, பொது இடங்களைச் சுத்தம் செய்ய ஆள் இல்லை என்று உள்ளிருந்தவர்கள் சொன்னார்கள்.

இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் கோயிலில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உழவாரப்பணி நடக்கும். பத்திருபது பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிரகாரத்தில் முளைத்த புல்லைச் செதுக்குவார்கள், விளக்குகளைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். அது தொண்டு. அந்தத் தம்பி 'தொண்டு வேலையோ' என்று கேட்டபோது அவர் மனதில் இருந்ததும் இதே மாதிரி ஒரு கோயில் வீதியாகத்தான் இருந்திருக்கும். ஒரு மாதம் அந்தப் பத்திருபது பேரும் வராமல் போனால் கோயிலுக்கு ஒன்றும் ஆகாது. புல் கொஞ்சம் கூட வளரும். கூட்டுகிற அம்மாவுக்குச் சம்பளம் உண்டு, அவர் கூட்டுவார். நடை திறக்கும், மணி அடிக்கும். தொண்டு என்பது நின்றாலும் இடம் நடக்கும், செய்தால் இடம் இன்னும் அழகாகும்.

டகோமாவில் அந்த ஒரு டாலர்க்காரர்கள் துடைப்பத்தைக் கீழே வைத்ததும் இடம் நடக்கவில்லை. அப்படியானால் அந்த இடத்தை நடத்திக்கொண்டிருந்தது யார்? பொழுது போகட்டும் என்று கொடுத்த வேலை இல்லை அது. ஆயிரத்துக்கு மேல் பேர் சாப்பிட்டு, குளித்து, கழிவறை போகிற ஒரு கட்டடத்தின் அன்றாட வேலை. சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யவேண்டியதை, வெளியே போக முடியாத ஆட்களை வைத்துச் செய்துகொண்டார்கள். அதற்கு ஒட்டிய பெயர்தான் விருப்பம். நான் 'பொழுதாவது போகும்' என்று சொன்னபோது அந்தப் பெயரைத்தான் இன்னும் கொஞ்சம் இனிப்புத் தடவித் தமிழில் கொடுத்திருக்கிறேன்.

இதில் இன்னொரு கேலி உண்டு. அந்த அழைப்பில் நானும் வாலண்டியர்தான். வக்கீல் அமைப்பின் பட்டியலில் என் பெயருக்குப் பக்கத்தில் அதே சொல்தான் இருக்கிறது. எனக்குத் தூக்கம் வந்தால் இந்த வாரம் முடியாது என்று ஒரு வரி அனுப்பிவிடலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். முடியாது என்றால் கேசுக்குப் பிழை வருமா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஆபீசில் மட்டும், வாரக்கடைசி ரிலீசுக்கு யார் வாலண்டியர் என்று மேனேஜர் கேட்கும்போது, விசாவை நினைத்துக்கொண்டு முதலில் கை தூக்குகிறவன் நான். அந்தக் கையில் எவ்வளவு விருப்பம் இருந்தது என்பது எனக்குத் தெரியும். அதையும் இதையும் ஒன்றாக வைக்கவில்லை. எனக்குப் பூட்டு கிடையாது.

கம்பெனியின் வாதம்

கம்பெனி சொன்னதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதில் ஒன்று எனக்கு இன்னும் செரிக்கவில்லை. ஒரு டாலர் என்பது ஐஸ் வைத்த விதி, நாங்கள் வெறும் ஒப்பந்தக்காரர் என்றது ஒரு வாதம். அது நிற்கவில்லை. விதியில் இருப்பது 'குறைந்தது ஒரு டாலர்' என்றுதான். வேறு சில மையங்களில் இதே கம்பெனி அதற்கு மேல் கொடுத்தும் இருக்கிறது. மாநிலத் தொழிலாளர் சட்டங்களைப் பின்பற்ற வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியும் இருக்கிறது.

இரண்டாவது வாதம்தான் குடைகிறது. வாஷிங்டன் மாநிலம் தன் சொந்தச் சிறைகளில் இருப்பவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கொடுப்பதில்லை. சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. நீங்கள் செய்தால் சரி, நாங்கள் செய்தால் தவறா என்று கம்பெனி கேட்டது. 2023 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது: அந்த விலக்கு அரசு நடத்தும் நிறுவனங்களுக்கு மட்டும், தனியாருக்கு இல்லை. 2025 ஜனவரியில் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றமும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜூரியின் தீர்ப்பை உறுதி செய்தது. மாறுபட்ட நீதிபதிக்குக் கம்பெனியின் கேள்வி நியாயமாகத்தான் பட்டது. எனக்கும் பாதி அப்படித்தான் படுகிறது. ஆனால் அதிலிருந்து நான் போகும் திசை வேறு. மாநிலச் சிறையிலும் அது நியாயமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவனும் திருடுகிறான் என்பது எனக்கு எப்படிச் சாட்சி ஆகும்?

இந்த மையத்தைப் பற்றி இதைவிடப் பெரிய விஷயங்கள் இருக்கின்றன. 2024 மார்ச்சில் ட்ரினிடாட் நாட்டுக்காரர் ஒருவர் தனிமை அறையில் இறந்தார். அங்கே வருஷக் கணக்கில் தனிமையில் வைக்கப்பட்டிருந்தவர். மாநிலச் சுகாதாரத் துறை ஆட்கள் சோதனைக்குப் போனபோது உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார்கள், அது தனி வழக்கு. இவற்றின் முன்னால் ஒரு டாலர் சில்லறைதான். ஆனால் என் வாயிலிருந்து வந்தது இந்தச் சில்லறையைப் பற்றித்தான் என்பதால் இதையே சுற்றி வருகிறேன்.

சொல் கிடைத்த கதை

அந்தச் சொல்லுக்கு என்ன தமிழ் போட்டிருக்க வேண்டும் என்று ரொம்ப நாள் யோசித்தேன். தன்னார்வம் என்றால் பூசி மெழுகுவது. கட்டாய வேலை என்றால் வக்கீலம்மா சொல்லாததைச் சொன்னதாகும். மொழிபெயர்ப்பாளன் தாளில் இருப்பதைத்தான் சொல்ல முடியும்.

ஒருநாள் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது, "வெட்டி வேலை பார்த்துக்கிட்டு இருக்கியா" என்று கேட்டார். சனிக்கிழமை மொழிபெயர்ப்பைத்தான் சொன்னார், காசு வராத வேலை என்று. சட்டென்று பொறி தட்டியது. வெட்டி என்பது சோழர் காலக் கல்வெட்டுகளில் வருகிற சொல். ஏரி வெட்டவும் வாய்க்கால் தூர்வாரவும் குடிமக்கள் கூலி இல்லாமல் கொடுக்கவேண்டியிருந்த உழைப்புக்கு வெட்டி என்று பெயர். வரிகளோடு வரியாக அதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு உருப்படாத வேலைக்கு அந்தப் பெயர் வந்து சேர்ந்திருக்கிறது. செய்தவர்களுக்கு அது உருப்படாத வேலைதான், ஏரிக்கு இல்லை. நம் கல்வெட்டுக்காரர்கள் ஒன்றில் நேர்மையானவர்கள். அதற்கு விருப்பம் என்று பெயர் வைக்கவில்லை.

அடுத்த அழைப்பில் இந்தச் சொல்லைப் போடப் போவதில்லை, போடவும் கூடாது. இப்போதெல்லாம் 'வாலண்டரி' என்று வந்தால், "இங்கிலீசில் வாலண்டரி என்று எழுதியிருக்கிறது, உங்கள் விருப்பம் என்று பொருள்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். மற்றதை வக்கீல் விளக்கட்டும்.

அந்தத் தம்பி பிணையில் வெளியே வந்து ஒரு வருஷம் இருக்கும். இப்போது வேறொரு மாநிலத்தில், சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார். வக்கீலம்மா வழியாக என் நம்பர் கேட்டு வாங்கி, தைப்பொங்கல் அன்று கூப்பிட்டார். பனியைப் பற்றி, வேலை அனுமதிக்குக் காத்திருப்பது பற்றி எல்லாம் கதைத்தார். நான்தான் மெல்ல அந்தப் பேச்சை எடுத்தேன். அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது தம்பி என்றேன். அவருக்கு நான் என்ன சொன்னேன் என்பதே ஞாபகம் இல்லை.

"அந்தத் தாளோ அண்ணை?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "அது நான் முதல் நாளே கையெழுத்துப் போட்டுக் குடுத்திட்டன். என்னத்துக்குப் போட்டனான் எண்டு தெரிஞ்சு கொள்ளத்தான் உங்களைக் கேட்டனான்."